வெட்சியுள் அடங்கிய கரந்தை: தற்காப்பும் படைக்கலமும் குறித்து ஓர் ஆய்வு

கரந்தைத் திணையைப் பற்றி எழுதப்புகுவோர் பலரும், வெட்சியார் கவர்ந்து சென்ற ஆநிரையை உடையவர் மீட்டலே கரந்தை என ஓரடியில் வரையறுத்துவிட்டு, உடனே நடுகல்லுக்குச் சென்றுவிடுகின்றனர். அதனைத் தனித்திணையாக வையாது வெட்சியின் ஒரு பகுதியாகத் தொல்காப்பியர் அடக்கியது ஏன் என்னும் வினா, பழைய உரைகளில் எழுந்த அளவிற்கு இக்கால ஆராய்ச்சியில் எழவில்லை. எழுந்தவிடத்தும், புறப்பொருள் வெண்பாமாலையில் காணும் தெளிவு தொல்காப்பியத்தில் இன்னும் முகிழ்க்கவில்லை என்ற கருத்தே மேலோங்கி நிற்கின்றது. அக்கருத்துப் பொருந்தாது என்பதும், தம்மையும் தம் பொருளையும் காத்துக்கொள்ளக் குடிமக்கள் படைக்கலம் ஏந்தலாமா என்று இன்று நிகழும் வாதத்திற்குத் தொல்காப்பியர் பகுப்பே மிகுதியும் ஒளி தருவது என்பதும் எம் துணிபு.

இவ்வாராய்ச்சிக்கு யாம் தூண்டப்பட்டது நூலகத்தில் அன்று. குற்றாலக் குறவஞ்சியில் வரும் இடப்பெயர்களை நேரிற் கண்டு ஒப்புநோக்கும் பொருட்டு முதுகலை மாணவர் சிலரோடு ஒரு சாரற்காலத்தில் குற்றாலத்தில் தங்கியிருந்தோம். அப்பொழுது மேக்கரைப் பக்கத்து உழவர் ஒருவர் எம் மாணவரின் கையிலிருந்த ஏட்டில் நடுகல் படம் ஒன்றைக் கண்டு, அஃது யாது என வினவினார். மாடு மீட்டு இறந்தவனுக்கு நட்ட கல் என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, மாட்டைக் காத்தவனுக்குக் கல் நட்டார்கள், நெல்லைக் காக்கப் பன்றியைச் சுட்டால் எனக்கு விலங்கு பூட்டுவார்கள், மலைக்கு மேற்கே சுடலாம் என்கிறார்கள், எதுதான் முறை என்று கேட்டார். மாணவர் எம் முகத்தைப் பார்த்தனர். அன்று யாம் விடை கூறவில்லை.

அவர் கூறியதில் பிழையொன்றும் இல்லை. புளியரைக் கணவாய்க்கு மேற்கே கேரளத்தில், காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் ஊராட்சி முதலிய உள்ளாட்சித் தலைவர்க்கு வழங்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கியுடைய குடிமகன் அவ்வாணையின்கீழ்ச் சுடுகின்றான். கிழக்கே தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த அரசாணை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட இசைகின்றது. ஆனால் சுடுவோர் வனத்துறையினரே ஆதல் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவோ, தன் உயிரையும் பிறர் உயிரையும் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்லுதல் குற்றமன்று என்கின்றது. பயிரைப் பற்றி அவ்விலக்கில் பேச்சில்லை. இவற்றோடு 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தையும் வைத்து நோக்குக. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க்காவலுக்கென உண்மையாக வேண்டுவோர்க்கு வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கின்றது. பயிர் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பயிரைத் தின்னும் பன்றியை அதனாற் சுடுதற்கு வேறோர் இசைவு வேண்டும். வெடியோசை எழுப்பி வெருட்டுதற்கே அத்துப்பாக்கி எனக் கொள்ளின், அது குறிஞ்சித் திணைக்கு மிக அணித்தாகின்றது. தினைப்புனங் காக்கும் மகளிர் கையில் சான்றோர் கொடுத்தவை தழலும் தட்டையும் குளிரும் கவணுமே. கவண் ஒழிய ஏனையவை ஒலிக் கருவிகள். பன்றி முதலியவற்றைக் கொல்லும் அடார் என்னும் கற்பொறி ஆடவர் அமைப்பது. அது மனிதன் கையில் ஏந்தும் படையும் அன்று. புனங்காவலும் ஆநிரைக் காவலும் ஒரு நிகரன என்று மயங்குதல் ஆகாது. முன்னதில் எதிரி விலங்கு, பின்னதில் மனிதன். உழவர் வினாவில் இவ்விரண்டும் கலந்து நின்றன. எனினும் கலந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர்ப் புலனாகும்.

இனித் தொல்காப்பியத்திற்கு வருவோம். கரந்தை என்னும் பெயரைத் தொல்காப்பியர் அறியாதவர் அல்லர். புறத்திணையியலிலேயே அதனைப் பெயர் சுட்டிக் கூறுகின்றார். கூறியும், தனித்திணையாக்கினாரில்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் அதனை வெட்சியின் பாற்படுத்தே பொருள் கொள்கின்றனர். இது கரந்தை ஒன்றற்கே உரிய செய்தியும் அன்று. அரணை முற்றுவோனையும் அகத்திருந்து காப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் வைத்தவர் அவர். மண்ணாசையால் மேற்செல்லும் வேந்தனையும் அவனை எதிர் சென்று தடுக்கும் வேந்தனையும் வஞ்சி ஒன்றிலேயே வைத்தார். ஐயனாரிதனார் இவற்றையெல்லாம் இரண்டிரண்டாகப் பிரித்தார். வெட்சிக்கு எதிர் கரந்தை, வஞ்சிக்கு எதிர் காஞ்சி, உழிஞைக்கு எதிர் நொச்சி எனத் தாக்குவோனுக்கு ஒரு பூவும் காப்போனுக்கு ஒரு பூவும் சூட்டினார். பூ வேறாதலின் ஆள் வேறு. ஆள் வேறாதலின் அறம் வேறு. படிக்கும் மாணவர்க்கு இது மிக எளிது. எளிமையே இதன் குறைபாடு என்பது எம் கருத்து.

இப்பகுப்போடு மற்றொரு வேறுபாட்டையும் சேர்த்துக் காணுதல் வேண்டும். தொல்காப்பியர் கூறும் வெட்சி வீரர், வேந்தனால் ஏவப்பட்டவர். வெண்பாமாலையோ மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என வெட்சியை இரண்டாக்கி, அரசன் ஏவாமல் வீரன் தானே துணிந்து செல்வதற்கும் இடந்தருகின்றது. இவ்விரு மாற்றங்களும் ஒரு நூலிலேயே ஒருங்கு நிகழ்ந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை. படையெடுத்தற்கு ஏவல் வேண்டும் என்ற வரம்பு இருந்தவரையில், ஏவலும் அதற்குரிய பொறுப்பும் எவருடையன என வினவினாற் போதும். கவர்வோன், காப்போன் என்று ஆட்களைப் பிரித்துக் காட்டவேண்டிய தேவை மிகுதியும் இல்லை. தானே துணிந்து படையேந்தலாம் என்று ஆனபின், நல்லவன் யார், தீயவன் யார் என்று பூவால் அடையாளங் காட்டும் தேவை பிறந்துவிடுகின்றது. ஐயனாரிதனார் இதனை எண்ணிச் செய்தார் என்று யாம் கூறவில்லை. பகுப்பின் போக்கு அவ்வாறு உள்ளது.

கல்லும் பூவைக் காட்டுவதில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்ட நடுகற்கள் தமிழி எழுத்துப் பொறித்தவை. இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையன. அவற்றுள் ஒன்றில் இறந்தவன் பெயரும், ஊர்ப்பெயரும், ஆகோள் என்னும் சொல்லும் உள்ளன. இறந்தவன் ஆவைக் கொள்ளச் சென்றவனா, கொண்டவரைத் தடுத்தவனா என்பதை அச்சில சொற்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அறிஞர் இரு வகையாகவும் உரைக்கலாம். கல்லை நட்ட ஊரார்க்கு அஃது ஐயமாக இருந்திராது. அவன் தம்மவன், அவர்க்கு அது போதும். பிற்காலத்துக் கற்கள் இன்னும் சற்று விரிவாகப் பேசுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல், எருமைகளின் பொருட்டு இறந்த சேவகன் ஒருவனையும், கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் அவன் நாயையும் குறிக்கின்றது. அங்கும் இறந்தவன் இன்னாருடைய சேவகன் என்பது தவறாது பொறிக்கப்பட்டுள்ளது. படையேந்தியவனின் பெயரோடு, அவன் எவருக்குக் கடமைப்பட்டவன் என்பதும் உடன் நிற்கின்றது.

தொல்காப்பியரின் பகுப்பிற்குச் சிறந்த உரை, எம் கருத்தின்படி, ஏட்டில் இல்லை. நெல்லைச் சீமையின் காவல் வரலாற்றில் உள்ளது. பாளையக்காரர் காலத்தில் ஒவ்வோர் ஊர்க்கும் தலக்காவலும், பல ஊர்களை உள்ளடக்கிய நாட்டுக்குத் தேசகாவலும் இருந்தன. காவற்காரன் ஊராரிடம் நெல்லாகவும் பணமாகவும் காவற்கூலி பெற்றான். பெற்றதற்கு ஈடாக அவன் மேல் ஒரு கடன் இருந்தது: களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தருதல், அன்றேல் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுத்தல். அவன் கையிலிருந்த வேலும் வாளும் துப்பாக்கியும் அவனுடைய உரிமையால் வந்தன அல்ல; இக்கடனால் வந்தன. இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் நிலைத்து நின்றதா? தேசகாவலைப் பாளையக்காரர் தம் வலிமையால் ஊர் ஊராகத் தமக்கே உரித்தாக்கிக்கொண்டு, காவற்கூலியை வரிபோல் வாங்கினர் எனக் கும்பினி அதிகாரிகள் எழுதினர். அவர்கள் தம் நலங் கருதி எழுதியவர். அக்கூற்றை அப்படியே கொள்ளல் ஆகாது. ஆயினும் மக்கள் வழக்கிலேயே அதற்குச் சான்று ஒன்று உண்டு. துப்புக்கூலி என்னும் சொல் அது. மாடு களவுபோனவன், துப்பறிந்து கூறுவோன் வழியாகக் கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்வான். துப்பறிந்தவனும் மாட்டைக் கொண்டுசென்றவனும் பல வேளைகளில் உறவினர். சில வேளைகளில் ஒருவனே. காவற்கூலி தராத ஊரில் மாடு காணாமற் போதலும், கூலி தந்தபின் மாடு திரும்புதலும் நிகழ்ந்தன. வெட்சிப்பூவும் கரந்தைப்பூவும் ஒரே முடியில் மாறி மாறிச் சூடப்பட்டன. ஐயனாரிதனார் பகுப்பைக் கொண்டு இதனை விளக்க இயலாது. மீட்டலை வெட்சிக்குள்ளேயே வைத்த தொல்காப்பியரோ, கை ஒன்று, கருவி ஒன்று, தொழிலும் ஏறத்தாழ ஒன்று, அக்கை எவருடைய ஏவலுக்கும் கேள்விக்கும் உட்பட்டது என்பதே வேறுபாடு என்று உணர்ந்திருந்தார் போலும்.

கேள்வி கேட்பார் இல்லாத படைக்கு மருந்தாகக் கும்பினியார் கண்டது படையையே பறித்தல். இன்று தென்காசி மாவட்டத்துள் அடங்கிய நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755இல் நவாபின் படைக்கும் கும்பினிப் படைக்கும் வரி மறுத்து எதிர்நின்றதும், வாசுதேவநல்லூர்க் கோட்டை பலமுறை முற்றுகையுண்டதும் யாவரும் அறிந்தவை. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபின், கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மன் ஆணையிட்டான். 1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் கிளைவ் வெளியிட்ட சாற்று, தென்சீமையில் படைக்கலம் ஏந்துதலையே ஒழிக்கக் கருதியது. பாளையங்கள் ஜமீன்களாயின, தேசகாவல் அரசின் கைக்குச் சென்றது. இங்கு ஒன்றைக் கருதுக. பறிக்கப்பட்டது வேல் மட்டும் அன்று. அவ்வேலோடு பிணைந்திருந்த ஈடுகட்டும் கடனும் உடன் ஒழிந்தது. அரசு காவலைத் தானே மேற்கொண்டது. ஆனால் களவுபோன மாட்டின் விலையைத் தரும் பொறுப்பை மேற்கொள்ளவில்லை. ஊர்க்காவலோ சட்டத்திற்குப் புறம்பாக, மறைவாக, கடனற்ற கூலியாக மேலும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிக்கப்பெற்ற குற்றப் பரம்பரையினர் சட்டம், நேற்றுவரை காவலர் எனப் பெயர்பெற்ற குடிகளுட் சிலவற்றைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என எழுதியது. வெண்பாமாலை பூவை மாற்றிச் சூட்டியது போல இச்சட்டம் பெயரை மாற்றிச் சூட்டியது எனலாம். 1947இல் அது நம் மாகாணத்தில் நீக்கப்பட்டது.

படைக்கலம் பறிபோன குடிகளுக்குத் தற்காப்புரிமை பின்னர் எழுத்து வடிவில் வந்தது. 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் அதனை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள். சொல் சிற்சில மாறினும் பொருள் பெரிதும் அதுவே. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்தலைத் தடுத்தது. ஐரோப்பியர்க்கு அதன் விதிகள் விலக்களித்தன. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை யாவர்க்கும், காத்துக்கொள்ளும் கருவி சிலர்க்கு என்பதாயிற்று. செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் என்பவரைச் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியைச் சுட்டிக்காட்டி, தடுக்கும் சட்டம் நல்லவனையே தடுக்கும் என்பார் உளர். அது தற்காப்பிற்கு எடுத்துக்காட்டாகாது. தன்னுறு தொழிலுக்கே எடுத்துக்காட்டு. அதன் அறத்தை ஆராய்தல் வேறோர் கட்டுரைக்கு உரியது.

சட்டத்தின் ஒரு கூறு இலக்கிய மாணவர் கூர்ந்து நோக்கத் தக்கது. களவுக்கு எதிராகப் பொருளைக் காக்கும் உரிமை எதுவரை நீளும் என்பதைப் பழைய 105ஆம் பிரிவும் இன்றைய 43ஆம் பிரிவும் கூறுகின்றன: கள்வன் பொருளோடு தப்பிப் போய்விடும் வரை, அல்லது அரசு அலுவலர் உதவி கிட்டும் வரை, அல்லது பொருள் மீளும் வரை. முதற்கூற்றின்படி, கள்வன் எல்லை கடந்து போய்விட்டானாயின் உரிமை அற்றது. கரந்தையோ பெரும்பாலும் அந்த இடத்திலேதான் தொடங்குகின்றது. நிரை போயிற்று என்று கேட்டபின் எழுந்து, சுவடு தேடிச் சென்று, வழியில் மடக்கிப் பொருது மீட்பதே அதன் துறைகள். மூன்றாம் கூற்றைப் பற்றிக்கொண்டு, பொருள் மீளும் வரை தொடரலாம் அன்றோ என ஒரு வழக்குரைஞர் வாதிடக்கூடும். தப்பிப் போதல் என்பதற்கு எல்லை எது என்பதில் நீதிமன்றங்களுக்கே நிரம்ப வேலை உண்டு. ஆயினும் சட்டத்தின் கருத்து ஐயத்திற்கு இடமின்றி உள்ளது. அரசு அலுவலரை நாடக் காலம் இருப்பின் தற்காப்புரிமை இல்லை என்கிறது 37ஆம் பிரிவு. துரத்திச் செல்லுதற்குக் காலம் இருப்பின், காவல் நிலையம் செல்லுதற்கும் காலம் உண்டு. ஆகவே கரந்தை மறவன் இன்று தற்காப்பாளன் ஆகான். ஏவல் பெற்ற காவலனே அச்செயலைச் செய்தற்கு உரியவன். எதிரே வந்து வாள் ஓங்கினவனைத் தடுத்தலே குடிமகன் கையில் விடப்பட்டுள்ளது. அவ்வெல்லைக்குள் சட்டம் அவனைக் கோழையாக்கவில்லை. ஆபத்து நேர்ந்தவன் புறங்காட்டி ஓட வேண்டுவதில்லை என்று 2010இல் தர்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இதுகாறும் கூறியவற்றால் யாம் படைக்கலம் முழுதும் அரசின் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பார் பக்கம் நிற்பதாகக் கொள்ளற்க. 37ஆம் பிரிவு, நாடினால் காக்கும் அரசு ஒன்று உண்டு என்பதை முன்கொண்டு பேசுகின்றது. 1899 ஜூன் 6இல் சிவகாசியில் அவ்வரசு இல்லை. கோயில் நுழைவு வேண்டிய நாடார் வாழ்ந்த அவ்வூர் தாக்கப்படும் என்பது பல நாள் முன்னரே அறியப்பட்டிருந்தது, முறையீடும் செய்யப்பட்டிருந்தது. பெருங்கூட்டம் வந்த நாளில் ஊரார் தம்மைத் தாமே காத்துக்கொள்ள நேர்ந்தது. கலகம் செங்கோட்டைப் பக்கம் வரை பரவிற்று. அரசை நாடக் காலம் இருந்தது, நாடியும் இருந்தனர், வந்தது யாது? இவ்வினாவிற்கு விடைபோல, பட்டியலினத்தார் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் ஒரு செய்தியைக் கூறுகின்றன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதியில் பிறருடைய துப்பாக்கி உரிமங்களை நீக்கி, படைக்கலங்களை அரசு கிடங்கில் வைக்கலாம். தேவை எனக் கருதின் அங்குள்ள பட்டியலின, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் செய்யலாம். காக்க வேண்டிய இடத்தில் காக்க இயலாமற் போகலாம் என்பதைச் சட்டமே உணர்ந்து எழுதிய விதி இது. இதனை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் வாதில் எடுத்துப் பேசாமை எமக்கு வியப்பளிக்கின்றது.

அமெரிக்க நாட்டு வாதம் நம்மிடையேயும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. 1791இல் சேர்ந்த அவர்தம் இரண்டாம் திருத்தம் ஒரே வாக்கியம். அதன் முற்பகுதி, ஒழுங்குபட்ட குடிப்படை நாட்டின் காவலுக்கு இன்றியமையாதது என்கின்றது. பிற்பகுதி, மக்கள் படைக்கலம் வைத்தும் ஏந்தியும் இருக்கும் உரிமை குறுக்கப்படலாகாது என்கின்றது. முற்பகுதி பிற்பகுதியை வரையறுக்கின்றதா, காரணம் மட்டும் கூறி நிற்கின்றதா? நம் உரையாசிரியர் கையிற் கிடைத்திருப்பின் ஒரு தலைமுறைக்கு வேலை கொடுத்திருக்கும் வாக்கியம். 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தனிமனிதன் உரிமையே என்று உரை கண்டது. 2022இல் புரூவன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்றது. நீதிபதிகள் பழஞ்சுவடி புரட்டும் நிலை வந்துவிட்டது. நம் நாட்டில் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்தில், படைக்கலம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்க காமத் அவர்கள் திருத்தம் கொணர்ந்தார். 1931இன் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானம் அவ்வுரிமையை விதிகளுக்கு உட்படுத்தி ஏற்றிருந்தது. அம்பேத்கர் மறுத்தார். தனிமனிதன் படைக்கலம் ஏந்தும் உரிமையைக் காட்டிலும், நாட்டுக்கு வேண்டும்பொழுது அதனை ஏந்தும் கடமையே வற்புறுத்தத் தக்கது என்பது அவர் கூறியதன் கருத்து. உரிமை, கடமை என்னும் அவ்வேறுபாட்டில் தொல்காப்பியர் குரலின் சாயல் எமக்குக் கேட்கின்றது. கடமையை அரசு கைமாற்றி விடலும் ஆகாது: சத்தீசுகரில் பழங்குடி இளைஞர் கையில் துப்பாக்கி கொடுத்துக் கிளர்ச்சியாளர் மேல் ஏவிய சல்வா ஜூடும் முறையை 2011இல் உச்சநீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என விலக்கியது. ஏவல் மட்டும் இருந்து, ஏவியவன் பொறுப்பேற்காத வெட்சி அது.

படைக்கலம் ஏந்தியவன் எவருக்காக ஏந்தினான் என்னும் வினாவை நம் நாட்டார் கதைப்பாடல்கள் போல் வேறு எவ்விலக்கியமும் கூர்மையாக எழுப்பவில்லை. வீரத்தைப் போற்றும் பாடல்கள் என இவற்றைப் பொதுப்பட வகைப்படுத்துதல் வழக்கம். அவ்வகைப்பாடு இவற்றின் உயிரைத் தொடாது. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை நோக்குக. அந்தணனாகிய முத்துப்பட்டன், பொதிகை அடிவாரத்தில் ஆநிரை காத்த வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விழைந்து, பூணூலையும் குடுமியையும் களைந்து செருப்புத் தைத்தான். மணநாள் இரவிலேயே கள்வர் கிடையில் புகுந்தனர் என்ற செய்தி வந்தது. சென்றான், பொருதான், வென்றான். நீரில் கைகால் கழுவுகையில் ஒளிந்திருந்த ஒருவன் குத்த இறந்தான். எடுத்தனூர்க் கல்லிற் போலவே இங்கும் ஒரு நாய் உண்டு. அதுவே வீட்டிற்குச் செய்தி கொண்டுவந்தது. புறத்திணை நூல் கற்றார் இதனைக் கரந்தை என்பர்; துறைகளும் ஒவ்வொன்றாகப் பொருந்தும். ஆனால் கரந்தை நூலிற் காணாத ஒன்று இங்கு உண்டு. அவன் மீட்ட மாடுகள் அவனுடையவை அல்ல. காவல் அவன் மாமனுக்குக் கூலித்தொழில். அத்தொழிலின் கடனை அவன் மணத்தோடு ஏற்றான். மாட்டுக்கு உடையவர் எவரும் அவ்விரவில் கிடைக்கு வரவில்லை. கணவனோடு தீப்பாய்தற்கு மகளிர் சிங்கம்பட்டி அரசரிடம் சென்று இசைவு வேண்டியதையும் பாடல் கூறுகின்றது. காக்கும்பொழுது தலையிடாத அரசு, இறக்கும்பொழுது இசைவு தர இருந்தது. புலவர் இதனைக் குறைகூறிப் பாடவில்லை. வரிசைப்படுத்திப் பாடுகின்றார், அவ்வளவே.

சின்னத்தம்பி கதை இதனினும் கொடிது. அருந்ததியர் குலத்து இளைஞனாகிய அவன், பயிரை அழிக்கும் காட்டு விலங்குகளை வேட்டையாடிக் காவல் பெற்றான். விலங்கு உள்ளவரை அவன் கையிலிருந்த கருவி ஊரார்க்கு வேண்டியதாயிற்று. அக்காவலால் அவனுக்கு வந்த மதிப்பு மேலோர்க்குப் பொறுக்கவில்லை. புதையலுக்குப் பலியாக அவனை மாய்த்தனர். பயிர்காவலும் மனிதப் பகையும் ஒன்றோடொன்று கலக்கும் இடம் இதுவே. பன்றிக்கென்று ஏந்திய துப்பாக்கி எவர் கையில் இருக்கின்றது என்று ஊர் நோக்கும். நோக்கியபின் அது பன்றியைப் பற்றிய செய்தியாக இராது. மேக்கரை உழவர் எம்மை வினவியபொழுது, அவர் கூறிய பன்றியை யாம் எண்ணினோமேயன்றி, அவ்வூரில் எவருக்கு உரிமம் உண்டு, எவருக்கு இல்லை என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. கேட்டிருத்தல் வேண்டும்.

ஐயனாரிதனாருக்கு நேர்மை செய்யவேண்டும். வழக்கு மன்றத்தில் நிற்பவன், தாக்கியவனும் நானும் ஒரே திணை என்று சொல்லிக்கொண்டு நிற்க இயலாது. முதலில் ஓங்கியது யார் கை என்று பிரித்தறியாத சட்டம் இரையையும் வேட்டையையும் சமமாக்கிவிடும். கரந்தைக்குத் தனிப்பூச் சூட்டியவர் அந்நேர்மையை நாடினார் என்று கொள்ளலாம்; நடந்து முடிந்த ஒரு செயலைத் தீர்ப்பதற்கு அவர் பகுப்புப் பயன்படும். இனி நடக்கவிருப்பதற்கு, அதாவது எவர் கையில் கருவியைக் கொடுக்கலாம் என்று துணிவதற்கு, அது பயன்படாது. கொடுக்கும் நாளில் எவர் தலையிலும் பூ இல்லை.

மீண்டும் மாணவரோடு சென்றபொழுது, குற்றாலத்தினின்று பாபநாசம் வழியாகச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கும் போயிருந்தோம். முத்துப்பட்டன் அங்கே பட்டவராயன் எனத் தெய்வமாக நிற்கின்றான். ஆடி அமாவாசைக்குத் திரண்டு வரும் மக்கள் காவல் தெய்வங்களுக்கு அரிவாளும் வேலும் நேர்ந்துகொடுப்பதை நெல்லைச் சீமையில் எங்கும் காணலாம். கள்வரைப் பொருது வீழ்த்திய இவனுக்கு மக்கள் நேர்ந்து கட்டுவது தோற்செருப்பு. அவை நாளடைவில் தேய்ந்திருக்கும் என்றும், இரவில் அவன் அணிந்துகொண்டு கிடையைச் சுற்றி வருதலே காரணம் என்றும் அங்கிருந்த முதியவர் ஒருவர் கூறினார்.